கழற்றிய பாகம்

கரண்ட் போன ராத்திரி. தொழிலாளர் குடியிருப்பின் கடைசி அறை. கதவில் முதுகைச் சாய்த்து டிரைவர். கட்டில்மேல் எலக்ட்ரீஷியனும் அவர் தம்பியும். ஜன்னலோரம், பாதிச் சாப்பாட்டுத் தட்டோடு ஸ்டோர் கீப்பர். கதை சொன்னவர் டிரைவர். நடந்தது அவருடைய மச்சினனுக்கு.

மாலை ஆறே கால். ஊருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் இறைச்சிக் கிடங்குக்குப் போகிற ரோடு. ஒரு நாய்கூட இல்லை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற மச்சினன் ஸ்கூட்டரில் தனியாக...

கிடங்கை மூடி எட்டு மாதம். உள்ளே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பதிவெல்லாம் அதில்தான். தலைமை அலுவலகத்துப் பெண் தினமும் தன் மேசையிலிருந்தே ரிமோட்டில் அதற்குள் நுழைவாள். ஸ்கிரீன் தபால்தலை அளவுக்குத் திறக்கும். எழுத்தெல்லாம் கடுகு. மச்சினன் தன் இடத்திலிருந்தே படத்தின் அளவைச் சரிசெய்வான். மறுநாள் திரும்பவும் தபால்தலை. ஆறு புகார் ஆகிவிட்டது. "ஏழாவது வந்துச்சுன்னா வேலை நிரந்தரங்கிற பேச்சே கிடையாது" என்றுவிட்டார் மேலாளர். வீட்டில் மனைவிக்கு ஒன்பதாம் மாதம்.

கோளாறு அவனுக்குப் புரிந்துதான் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு மானிட்டர் கிடையாது. பார்க்க ஆளில்லை என்று அது படத்தைச் சுருக்கிக்கொள்கிறது. பின்னால் ஒரு டம்மி பிளக்கைச் சொருகினால், மானிட்டர் இருப்பதாக ஏமாந்து பெரிதாக்கிவிடும். கட்டைவிரல் அளவு சாமான். ஐந்து நிமிட வேலை.

ஷட்டரைத் தூக்கினான்... கர்ர்ர். நாற்றம் ஈரத்துணிபோல முகத்தில் அப்பியது. பழைய கொழுப்பு, துரு, செத்த எலி. தரை செருப்பைப் பிடித்து இழுத்தது. அடிக்கு அடி... ப்ச்... ப்ச்...

"சீ! கையில சோத்துத் தட்டு இருக்குய்யா," என்றார் ஸ்டோர் கீப்பர்.

"கீழ வச்சிருங்க அண்ணே. இன்னும் இருக்கு."

மேசையடியில் கம்ப்யூட்டர். பின்பக்கம் கையை விட்டுத் துழாவினான். பிளக் சொருகும் ஓட்டையில் ஏற்கெனவே ஏதோ இருந்தது. சில்லென்று, வழவழவென்று... உரித்த முட்டை மாதிரி. விரலுக்கு நழுவியது. நகத்தைக் கொடுத்து இழுத்தான். பொளக். பின்னாலேயே நூல்போல ஒன்று, நீளமாக... பார்க்காமலே தரையில் உதறினான். பிளக்கைச் சொருகினான். கையைப் பேண்டில் துடைத்தான். துடைத்த இடமும் நாறியது.

போன் போட்டான். "பின்னால ஏதோ சொருகியிருந்துச்சு, கழட்டிட்டேன். இப்ப பாருங்க மேடம்."

"அட, முழுசா வந்துருச்சு சார்! கழட்டின பாகத்தக் கவர்ல போட்டு, கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டோட அனுப்பிருங்க. அது வரலைன்னா புகார் மறுபடி திறந்துக்கும். உங்களுக்கு ஏழாவதாயிடும்."

தரையில் கிடந்ததைத் தொட மனமில்லை. ஆனால் ஏழாவது...

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் காகிதத்தாலேயே அதை வழித்து எடுத்தான். காகிதம் ஊறிக் கையெழுத்து கலங்கியது. கவருக்குள் தள்ளி வாயை மடித்தான்.

"சார்... ஸ்கிரீன் இருட்டாயிடுச்சு."

மடிப்பைத் திறந்தான்.

"வந்துருச்சு."

மூடினான்.

"போயிருச்சு சார். லூஸ் கனெக்ஷனா?"

மெல்லத் திறந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தான். அது... நடுவில் கருவிழியோடு, அவன் பக்கமாகத் திரும்பியது.

"வந்துருச்சு. ஆனா பதிவைக் காணோமே... யாரோ ஒருத்தர் முகம். மூக்கப் பொத்திக்கிட்டு. மயிர்க்கால்கூடத் தெரியுது, இவ்வளவு தெளிவா இந்த ஸ்கிரீன் வந்ததே இல்ல. சார்... நீங்களா அது?"

அவன் போனை அணைத்தான். கவரின் பசை ஓரத்தை நாக்கால் நனைத்தான். உப்புக் கரித்தது. அழுத்தி ஒட்டினான். பெறுநர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் மேசை எண்ணை எழுதி, ரோட்டுமுனைக் கூரியர் பெட்டியில் போட்டுவிட்டுப் போனான்.