சிற்றம்பலனாரின் கடைசிக் கொடுவா

தலைவர் ராமாமிர்தம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கும் சங்கத்து நண்பர்களே! துணைச் செயலாளர் நடனசபாபதி பேசுகிறேன். அழ வந்தவர்களுக்கு என் வணக்கம். தூண்டில் போட்டிக் கோப்பை யாருக்கு என்று தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கும் வணக்கம்.

நம் செயலாளர், இறகுச் சித்தர் சிற்றம்பலனார் மறைந்தார். சீமைத் தூண்டில் சாமான்கள் கப்பலேறி வராத இந்தக் காலத்தில், சேவலின் கழுத்து இறகையும் பித்தளைத் தகட்டையும் எடுத்து, மனைவியாரின் பழம்புடவைச் சரிகையால் சுற்றி, மீனை ஏமாற்றும் பொய் இரை கட்டியவர் யார்? சிற்றம்பலனார்! உயிர் இரை போடுகிறவருக்குப் போட்டியில் இடமில்லை என்று விதி செய்தவர் யார்? சிற்றம்பலனார்! சந்தேகம் வந்தால் பிடித்த மீனின் வயிற்றைக் கீறிப் பார்க்கலாம் என்றவரும் அவரே. அன்று முதல் நாம் தண்ணீரைப் பார்த்ததைவிட ஒருவரையொருவர் பார்த்ததே அதிகம்.

அவர் மீதும் சந்தேகம் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? எனக்கே இருந்தது. போட்டியில்லாத நாட்களில் நாம் தூண்டில் முள்ளில் இறால் கோக்கும்போது அவர் மட்டும் தள்ளிப் போய் உட்காருவார். கையில் துண்டைச் சுற்றிக்கொள்வார். துண்டுக்குள் என்ன?

சென்ற ஞாயிறு, கிள்ளைக் கழிமுகத்தில் போட்டி. நாம் இதுவரை காணாத பெரிய கொடுவா மீனைக் கரையேற்றிவிட்டு, மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடலை வண்டியில் ஏற்றுமுன்பே மீனின் வயிறு கீறப்பட்டது. கத்தி பிடித்தவர் நண்பர் சடையப்பன். எடையில் அடுத்த மீன் அவருடையது என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன். வயிற்றில் இறால் இருந்தது. உடனே மோசக்காரர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கொடுவா இறாலைத் தின்னாமல் முருங்கைக் கீரையா தின்னும்? வாயில் இறகு இரை மாட்டியிருந்ததே என்றேன். அதைப் பிறகு மாட்டியிருப்பார் என்றார்கள். கோப்பையில் அவர் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார்கள்.

நேற்று அவர் மனைவியார் அமராவதி அம்மையாரிடம் போனேன். துண்டுக்குள் இருந்தது இறாலா? துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது? கேட்டேன். அம்மையார் சொன்னார்:

“எறாலத் தொட்டா அவுருக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிப் பூடும். மீன்காரங்க வூட்ல பொறந்துட்டு இப்பிடியான்னு சிரிப்பாங்கன்னு யாராண்டையும் சொல்ல உடல. எங்க வூட்டுச் சட்டி எறாலயே பாத்ததில்ல.”

இதோ இங்கே வந்திருக்கும் வைத்தியரையும் போய்க் கேட்டேன். யார் சொல்லையும் அப்படியே நம்புகிற பழக்கம் எனக்கில்லை. உண்மைதான் நண்பர்களே! தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவர், இறாலைத் தொட முடியாதவர். அந்த வெட்கத்தில்தான் இறகைக் கையில் எடுத்தார். அந்த வெட்கத்தில்தான் கைத் தடிப்பு வெளியே தெரியாமல் துண்டைச் சுற்றினார்.

கணவர் சாகும்வரை காத்த ரகசியத்தை, அவர் பெயரைக் காப்பதற்காக இந்தச் சபையில் சொல்லச் சம்மதித்துவிட்டு, அதோ தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார் அந்த அம்மையார்.

இனி நம் கடமை. 1965ஆம் ஆண்டுக் கோப்பையில் சிற்றம்பலனார் பெயர் இருக்கும். அவர் வைத்த விதியும் இருக்கும். அடுத்த போட்டியில் முதலில் கீறப்படுவது என் மீனாகவே இருக்கட்டும். ஆனால் நாளை ஏதாவது ஒரு டீக்கடையில், மீன்கார வீட்டுப் பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாதாமே என்று ஒரு சிரிப்புக் கேட்டால், நான் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. அது தெரிந்தவர்கள் இந்தக் கூடத்துக்கு வெளியே யாருமில்லை.