மொட்டைன்னு பேர் வாங்கின கத்தி

– இதுல எது கத்தி தீட்டறது, எது உங்க மூக்குக்கண்ணாடிக் கடைச் சாமான் மாப்பிள்ளை? மேசை முழுக்கப் பரப்பி வெச்சிருக்கீங்களே, ஆபரேஷன் பண்ணப் போற மாதிரி.

– கடைச் சாமான் ஒண்ணும் இல்ல அத்தை. லென்ஸ் தேய்க்கிற மெஷினை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா முதலாளி என்னையும் சேர்த்துத் தேய்ச்சிடுவார். இது எல்லாமே கத்திக்குத்தான்.

– ஒரு கத்திக்கு நாலு சாமானா?

– நாலுல ஒண்ணைத்தான் வெச்சுக்கப் போறோம். மிச்சத்தைத் திருப்பி அனுப்பிடலாம். எது உங்க கைக்குத் தோதோ அது.

– என் கைக்கு என்ன? கை நல்லாத்தான் இருக்கு. கத்திதான் மொட்டை. நாலு மாசமாப் புலம்பறேனே, காதுல விழலையா?

– விழுந்துச்சு, விழுந்துச்சு. கத்திதான். பொறுங்க.

– பொறுக்க நேரம் இல்ல. சனிக்கிழமை அவ வர்றதுக்குள்ள ஆகணும். போன வாரம் போன்ல முகம் பார்த்துப் பேசினாளா, நான் பீன்ஸைக் கையால ஒடிச்சுப் போடறதைப் பார்த்துட்டா. உடனே ஆரம்பிச்சா. ‘உனக்கு முடியலம்மா, பெட்டியைக் கட்டி வை, வந்து கூட்டிட்டுப் போறேன்’னு. கத்தி சரியில்லடின்னேன். ‘அப்படியா? சனிக்கிழமை வரேன், என் கண்ணு முன்னாடி ஒரு பூசணிக்காயை வெட்டிக் காட்டு’ன்னுட்டா. பெத்தவளுக்கே பரீட்சை வைக்கிறா.

– வெட்டிட்டா?

– வாயை மூடிக்கிட்டுத் திரும்பிப் போவா.

– வெட்டலைன்னா?

– வெட்டலைன்னா நான் மூட்டை கட்டணும். அங்க போய் டிவி முன்னாடி உக்காந்து, வேளாவேளைக்கு அடுத்தவங்க கொண்டு வர்ற தட்டை வாங்கிக்கணும். எனக்கு அது வேண்டாம் மாப்பிள்ளை. இந்த அடுப்படியில என் கையால ஆக்கிப் போடறேன், அதனால இங்க தலை நிமிர்ந்து இருக்கேன். அதுவும் போச்சுன்னா நான் யாரு இங்க? சரி, அதை விடுங்க. உங்க வித்தையைக் காட்டுங்க.

– முதல்ல இது. ரெண்டு சின்னச் சக்கரம், நடுவுல ஒரு பிளவு. கத்தியை அதுல விட்டு மூணு தடவை இழுத்தா முடிஞ்சுது.

– பின்ன என்ன, அதையே வெச்சுக்கிட்டு மேசையைக் காலி பண்ணுங்க.

– சுலபம்தான் அத்தை. ஆனா இரும்பைச் சுரண்டி எடுத்துடும். ஓரம் பிசிறு பிசிறா நிக்கும். பத்து நாள் வெட்டும், பதினோராம் நாள் திரும்பவும் பழைய குருடி கதைதான்.

– சரி, வேண்டாம். இந்தக் கம்பி? கறிக்கடைக்காரர் சரக் சரக்னு உரசுவாரே, அதுதானே?

– அதேதான். ஆனா இது தீட்டாது. வெட்டி வெட்டி ஓரம் மடங்கிப் போகும்ல, அதை நிமிர்த்தி விடும், அவ்வளவுதான். கூர் இருக்கற கத்திக்குத்தான் இது.

– அடப்பாவமே! அவர் தீட்டறார்னு நினைச்சு இத்தனை வருஷம் பயந்து ரெண்டடி தள்ளி நின்னிருக்கேன். இந்தப் பிளக் வெச்சது?

– கரண்ட்ல சுத்தறது. போட்டா மேல் மாடிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டுவார். கொஞ்சம் அசந்தா கத்தி சூடேறி ஓரம் நீலமாயிடும். அப்புறம் கூர் நிக்காது. அது நாளைக்கே திரும்பிப் போகுது.

– அப்ப மிச்சம் இந்தக் கல்லுதான்.

– கல்லுதான் சரி. இந்தப் பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு, ஆயிரம் நம்பர். அந்தப் பக்கம் நைசு, மூவாயிரம். இதுல கூர் ஏத்தி, அதுல மெருகு குடுக்கணும். லென்ஸ் ஓரத்துக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். எதுவுமே இல்லாட்டியும் ஒரு வழி இருக்கு. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வெச்சா, அடியில பளபளப்பு இல்லாத வளையம் இருக்கும் பாருங்க, அதுல தேய்ச்சாலே போதும்.

– ஓகோ! அதான் என் நீலக் கோப்பை அடி கறுத்துக் கிடக்குதா? பாத்திரம் தேய்க்கிற நார் சரியில்லன்னு நான் கடைக்காரரோட சண்டைக்கு நின்னேனே!

– அது... சும்மா ஒரு தடவை சோதனை பண்ணிப் பார்த்தேன்.

– ஒரு தடவைக்கா அவ்வளவு கறுப்பு? சரி, மேல சொல்லுங்க. கல்லு என்ன, தண்ணியில போட்டதும் இப்படி மூச்சு விடுது?

– உள்ள இருக்கற காத்து போகுது. குமிழி நின்னதும் எடுத்து, ஈரத்துணி மேல வைக்கணும், நழுவாது. இப்ப கத்தியைப் படுக்க வெச்சு, முதுகுக்கு அடியில ரெண்டு நாணயம். அந்த உயரம்தான் சாய்வு. கடைசி வரைக்கும் அது மாறக் கூடாது.

– நீங்க நாணயம் வைக்கலையே?

– எனக்குக் கை பழகிடுச்சு.

– எப்பப் பழகிச்சு? கல்லு நேத்து சாயங்காலம்தானே வந்துச்சு?

– கடையில லென்ஸ் தேய்ச்ச கை அத்தை.

– ம்ம். இந்த மார்க்கர் பேனா எதுக்கு? கத்திக்குக் கண்மையா?

– கிட்டத்தட்ட. ஓரத்துல கறுப்பாப் பூசிட்டுத் தேய்ச்சா, கல்லு எங்க படுதோ அங்க மட்டும் மை போகும். மேல மட்டும் போச்சுன்னா இன்னும் தூக்கிப் பிடிக்கணும். பார்த்துப் பார்த்துத் திருத்திக்கிட்டே வரணும். மொட்டைக் கத்தின்னா கால்மணி நேரமாவது ஆகும்.

– பூசுங்க. நானும் பக்கத்துல நின்னு பார்க்கிறேன்.

– இதோ. ஒண்ணு... ரெண்டு...

– நிறுத்துங்க.

– ஏன் அத்தை?

– மை மொத்தமாப் போயிடுச்சு. நுனியிலேருந்து பிடி வரைக்கும், நூல் பிடிச்ச மாதிரி.

– கல்லு நல்ல கல்லு போல.

– மாப்பிள்ளை, என்னை என்னன்னு நினைச்சீங்க? கால்மணி நேரம்னு இப்பத்தான் சொன்னீங்க. இதே சாய்வுல இதே கை ஏற்கெனவே தேய்ச்சிருந்தாத்தான் ரெண்டே இழுப்புல மை போகும். இப்படிக் குடுங்க அதை. பாருங்க, கத்தி இளைச்சிருக்கு. முன்னெல்லாம் இந்தக் கம்பெனி முத்திரைக்கும் ஓரத்துக்கும் நடுவுல என் சுண்டுவிரல் நகம் தாராளமாப் படுக்கும். இப்பப் படுக்கல. எத்தனை நாளா நடக்குது?

– எது?

– அந்தக் கோப்பை வேலை.

– நாலு மாசமா. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. காலையில குளிக்கப் போகும்போது கத்தியைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்.

– குளியலறைக்கா! குழாயைத் திறந்து விட்டுட்டு அரைமணி நேரம் உள்ளயே இருந்தீங்களே, அதுக்குத்தானா? எங்க மாப்பிள்ளை மாதிரி சுத்தபத்தமான ஆள் உண்டான்னு எதிர்வீட்டு டீச்சர்கிட்ட நான் வாய் ஓயாம அளந்துக்கிட்டு இருக்கேன்!

– நீங்க முதல்ல மொட்டைன்னு சொன்ன அன்னிக்கே தீட்டினேன். மறுநாளும் மொட்டைன்னீங்க. நான்தான் சரியாத் தீட்டலன்னு திரும்பவும் தீட்டினேன். மூணாம் நாள் பேப்பர்ல வெச்சுப் பார்த்தா, வெண்ணெயில போற மாதிரி போகுது. அன்னிக்குச் சாயங்காலம் நீங்க அதே கத்தியை வெச்சுக்கிட்டு ஒரு கேரட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு.

– என்ன புரிஞ்சுது?

– அதை நீங்க சொல்லுங்க அத்தை.

– கட்டைவிரல் அடியில வலி. ஒரு பொருளைப் பிடிச்சா நிக்க மாட்டேங்குது. காலையில எந்திரிச்சா, இது என் கைதானான்னு இருக்கு. யார்கிட்டச் சொல்றது? கத்தி மேல பழியைப் போட்டேன். அது திருப்பி ஒரு வார்த்தை கேக்காதுல்ல.

– ம்.

– எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே ஏன் ஆமா ஆமா மொட்டைதான்னு தலையாட்டினீங்க? கூர் இருக்கற கத்தியையே திரும்பத் திரும்ப ஏன் தீட்டினீங்க?

– கூர் கூடினா அழுத்தற வேலை குறையும்ல? உங்க கைக்கு அந்த அளவாவது மிச்சமாகட்டும்னுதான். கைதான் காரணம்னு நான் வாய் விட்டுச் சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க.

– இந்தக் கள்ளத்தனத்தை யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?

– உங்ககிட்டத்தான்.

– என்கிட்டயா? நான் என்ன பண்ணேன்?

– பருப்புல கல்லு.

– எந்தப் பருப்பு? எந்தக் கல்லு?

– ஆறு வருஷம் முன்னாடி, எனக்கு டைபாய்டு வந்தப்ப. பத்து நாள் கஞ்சி வெச்சுக் குடுத்துட்டுக் கிளம்பிடறேன்னு வந்தீங்க. காய்ச்சல் விட்டும் நான் கட்டிலை விட்டு எழலை. கடைக்குப் போகலை. சுவத்தைப் பார்த்துக்கிட்டே கிடந்தேன். ஒருநாள் காலையில ஒரு தட்டைக் கொண்டு வந்து என் மடியில வெச்சீங்க. ‘எனக்குக் கண்ணு சரியாத் தெரியல மாப்பிள்ளை, பருப்புல கல்லு பொறுக்கிக் குடுங்க’ன்னு.

– அப்ப நிஜமாவே தெரியலதான்.

– கண்ணாடிக் கடைக்காரன்கிட்டயே வந்து கண்ணு தெரியலன்னு பொய் சொன்ன ஒரே ஆள் நீங்கதான். அன்னிக்கு மத்தியானமே ஊசியில நூல் கோத்தீங்க, ஒரே தடவையில.

– அட கடவுளே. பார்த்துட்டீங்களா?

– பார்த்தேன். பாக்கெட் பருப்புல ஏது அத்தை அவ்வளவு கல்லு? பால்கனித் தொட்டியில கிடந்த அதே செங்கல் கலர் கல்லு. தினமும் இருபத்திரண்டு.

– எண்ணினீங்களா?

– எண்ணினது நீங்க. ஒருநாள் இருபத்தொண்ணுதான் எடுத்துக் குடுத்தேன். ‘இன்னும் ஒண்ணு இருக்கு, நல்லாப் பாருங்க’ன்னீங்க. அதுலதான் மாட்டிக்கிட்டீங்க.

– பல்லுல அகப்பட்டா என்ன ஆகறது? எண்ணாமப் போட முடியுமா? கழுவித்தான் போட்டேன், அதையும் சொல்லிடறேன்.

– அன்னிக்குப் போர்வைக்குள்ள சிரிச்சேன். அந்த வருஷத்துல முதல் தடவை. மறுநாள் எந்திரிக்க எனக்குன்னு ஒரு வேலை இருந்துச்சு. ஒரு மாசம் பொறுக்கினேன். அப்புறம் குளிச்சேன், சட்டை மாத்தினேன், கடைக்குப் போனேன். நான் இன்னிக்கு ஒரு ஆளா நடமாடறேன்னா அது நீங்க போட்ட கல்லு அத்தை. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்பச் சொல்றேன், ரொம்ப நன்றி.

– போங்க மாப்பிள்ளை, கண்ணு கரிக்குது. வெங்காயம்கூட இன்னும் எடுக்கல. நன்றி நான்தான் சொல்லணும். நாலு மாசம் குளியலறையில உக்காந்து ஒரு மனுஷன் எனக்காகக் கத்தி தீட்டியிருக்கார். என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்தது கிடையாது.

– வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன். எலும்பு டாக்டர்கிட்டப் பேர் குடுத்தாச்சு. கைக்கு என்னன்னு பார்த்துடுவோம். இனிமே வெட்டறது என் வேலை, ஆக்கறது உங்க வேலை.

– உங்களுக்கு வெட்டத் தெரியுமா? ஒரு துண்டு மலை, ஒரு துண்டு கடுகு.

– அடுப்புப் பக்கத்துல நின்னு திட்டுங்க, கத்துக்கிறேன்.

– சரிதான். ஆனா சனிக்கிழமை? நீங்க வெட்டினா அவ ஒத்துக்க மாட்டா. பெத்த பொண்ணு கூப்பிடறா, அவ மேலயும் தப்பு சொல்ல முடியல. ‘எந்த உறவுல நீ அந்த வீட்ல உக்காந்திருக்கே’ன்னு கேட்டா என்கிட்ட என்ன பதில் இருக்கு?

– நீங்க போகணும்னு நினைக்கிறீங்களா? அதை மட்டும் சொல்லுங்க அத்தை.

– இல்ல. நான் இங்கயே இருக்கணும். வாய் விட்டுக் கேக்கறேன், இருக்கட்டுமா?

– அப்ப பூசணிக்காயும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். அவ வந்தா நான் பேசிக்கிறேன்.

– என்னன்னு பேசுவீங்க?

– ‘ஆறு வருஷம் முன்னாடி என்னை விவாகரத்து பண்ணது நீதான், உங்கம்மா இல்ல’ன்னு.