மூணாவது ஃபாரம்

அண்ணி: இல்ல, எனக்கு மண்டை குழம்புது. முதல்லேருந்து சொல்லுங்க தம்பி. ராஜா கோட்டை வாசலுக்கு வந்துட்டார்...

தம்பி: வந்துட்டார். யானை முட்டுது, கதவு பிளக்குது. பக்கத்தைப் புரட்டினா...

அண்ணி: புரட்டினா?

தம்பி: குடலுக்குள்ள கொக்கிப்புழு முட்டை போடுது.

அண்ணி: ராஜாவோட குடல்லயா?

தம்பி: அண்ணி! அது அறிவியல் புத்தகத்துப் பக்கம். வரலாற்றுப் புத்தகத்துக்கு நடுவுல வச்சுத் தைச்சு, அட்டையும் ஒட்டியாச்சு. ‘பதினாறு பக்கம்! ஒரு முழு ஃபாரமே மாறிப்போச்சே!’ன்னு நம்ம பைண்டிங் முதலாளி குதிக்கிறார்.

அண்ணி: அப்போ அந்தப் புழுப் புத்தகத்துல?

தம்பி: புழு பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு. குறுக்க யானைப்படை வருது.

அண்ணி: சிரிக்காதீங்க.

தம்பி: நான் எங்க சிரிச்சேன்? என் மூஞ்சியே அப்படித்தான்.

அண்ணி: அந்தத் தன்னம்பிக்கைப் புத்தகம்? அதுவும் போச்சா?

தம்பி: அது ஒண்ணுதான் தப்பிச்சுது. மாறியிருந்தாலும் எவனுக்கும் தெரிஞ்சிருக்காது. எந்தப் பக்கத்தைப் பிரிச்சாலும் ‘உன்னை நம்பு, உன்னை நம்பு’தான்.

அண்ணி: நாளைக்குக் காலையில மூணுக்கும் வெளியீடாமே...

தம்பி: அதான். யார் மாத்தி வச்சதுன்னு தெரிஞ்சா, இன்னிக்கே கணக்கை முடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாராம். மேசையில ஃபாரக் கட்டு அடுக்குறது அண்ணன் வேலைங்கறதால, அண்ணனைத்தான் முதல்ல உள்ள கூப்பிட்டிருக்காரு.

அண்ணி: இன்னுமா உள்ள நிக்கிறாரு? ஏன்... அச்சாபீஸ்லயே மாத்திக் கட்டியிருக்கலாம்ல?

தம்பி: நானும் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். வாயை மூடுன்னுட்டாரு.

அண்ணி: தைக்கறப்பவாவது தெரிஞ்சிருக்கணுமே. ஃபாரத்து முதுகுல வரிசை காட்டுற கறுப்புக் கோடு இருக்கும்ல? படிக்கட்டு மாதிரி இறங்கிக்கிட்டே?

தம்பி: மூணாவது ஃபாரம்னா எந்தப் புத்தகத்துக்கும் கோடு ஒரே இடத்துலதான். பக்க எண்ணும் ரெண்டுலயும் ஒண்ணுதான். அடியில பொடி எழுத்துல புத்தகத்தோட பேர் இருக்கும், அதைப் படிச்சாத்தான் உண்டு.

அண்ணி: பொடி எழுத்து...

தம்பி: ஆமா... ரொம்பப் பொடி.

அண்ணி: ஏன் என்னை அப்படிப் பாக்குறீங்க?

தம்பி: நான் எங்க பார்த்தேன்? நீங்கதான் பார்த்தீங்க.

அண்ணி: சரி விடுங்க. நான் உள்ள போறேன். நான்தான் மாத்துனேன்னு சொல்லிடறேன்.

தம்பி: நீங்க எதுக்கு? நான் சொல்றேன். நான்தான் மாத்துனேன்.

அண்ணி: பெரிய தியாகி! உங்களுக்கு இங்க லாரியில தாள் இறக்குற வேலை. மேசைப் பக்கம் உங்களுக்கு என்ன சோலி?

தம்பி: நிஜமா நான்தான் மாத்துனேன் அண்ணி.

அண்ணி: அட, நிஜமா நான்தான் மாத்துனேன்!

தம்பி: ...எப்போ?

அண்ணி: காலையில எங்களை டீக்கு விட்டாங்களே, அப்போ. நீங்க லாரிகிட்ட இருந்தீங்க. வரலாற்றோட மூணாவது ஃபாரக் கட்டு அறிவியல் மேசையில கிடந்துச்சு, அறிவியலோடது வரலாறு மேசையில. யாரும் இல்லை. தூக்கி மாத்தி வச்சேன். அவ்வளவுதான்.

தம்பி: ஐயோ.

அண்ணி: என்ன ஐயோ?

தம்பி: அது மாறிக் கிடந்ததை டீக்கு முன்னாடியே நான் பார்த்துட்டேன். கை வைக்கறதுக்குள்ள லாரி வந்துருச்சு. இறக்கி முடிச்சு ஓடி வந்து...

அண்ணி: ஓடி வந்து?

தம்பி: மாத்திட்டேன்.

அண்ணி: நான் சரியா வச்சதையா?

தம்பி: நீங்க வச்சது எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

அண்ணி: ஒரு தடவை குனிஞ்சு பேரைப் படிச்சா கழுத்தா சுளுக்கும்?

தம்பி: அவசரம் அண்ணி! ஃபாரம் சேர்க்குற பொம்பளைங்க உள்ள வந்துக்கிட்டிருந்தாங்க. அவங்க பார்த்துடக் கூடாதேன்னு...

அண்ணி: பார்த்தா என்ன? தப்பா இருக்குன்னு சத்தம் போட்டு மாத்தியிருக்கலாமே. எதுக்குத் திருடன் மாதிரி?

தம்பி: நீங்க மட்டும் எதுக்கு ஆள் இல்லாத நேரமாப் பார்த்து மாத்துனீங்க?

அண்ணி: நீங்க முதல்ல சொல்லுங்க.

தம்பி: அண்ணனுக்கு... அதாவது... ரெண்டு மாசமா பஸ் வந்தா ‘இது எங்கடா போகுது’ன்னு என்னைக் கேக்குறாரு. கொட்டை எழுத்துல எழுதியிருக்கு.

அண்ணி: சட்டைப் பித்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கிட்டு வர்றாரு. நானும் ஏதோ ஞாபகத்துலன்னு இருந்தேன். சோத்துல தலைமுடி கிடந்தா எகிறுற மனுஷன், இப்போ ஒண்ணுமே சொல்றதில்லை...

தம்பி: உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதே அண்ணி.

அண்ணி: உங்களுக்குத் தெரிஞ்சா வாய் நிக்காதேன்னு நான் சொல்லல. முதலாளி காதுக்குப் போனா, கண்ணு தெரியாதவனை வச்சு...

அண்ணன்: யாருக்குக் கண்ணு தெரியல?

தம்பி: அண்ணே! எப்போ வந்தே?

அண்ணன்: என் கண்ணைப் பத்திப் பேசும்போதே வந்துட்டேன். காது நல்லாத்தான் இருக்கு.

அண்ணி: இங்க பாருங்க... தப்பு உங்களுது இல்லை. நான் ஒரு தடவை மாத்துனேன், உங்க தம்பி ஒரு தடவை மாத்துனாரு. வாங்க, போய்ச் சொல்லிடுவோம்.

அண்ணன்: வேணாம். சொல்லியாச்சு.

தம்பி: என்னத்தைச் சொன்னே?

அண்ணன்: கண்ணு போச்சுன்னு. பொடி எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுதுன்னு சொன்னேன்.

அண்ணி: அதுக்கு?

அண்ணன்: பாவமா இருக்கு, ஆனா நாளையிலேருந்து வராதேன்னாரு. தைச்சதைப் பிரிச்சுக் கொடுத்துட்டுப் போகணுமாம். கத்தியை எடு. பிரிக்கறதுக்குக் கண்ணு எதுக்கு?

தம்பி: இரு அண்ணே. நான் போய்ப் பேசறேன். நீ வச்சது தப்புதான், ஆனா அண்ணி அதைச் சரி பண்ணிட்டாங்க. நடுவுல நான்தான் கெடுத்தேன்...

அண்ணன்: நான் வச்சது தப்புன்னு யாரு சொன்னா?

அண்ணி: மாறித்தானே கிடந்துச்சு? ரெண்டு பேரும் பார்த்தோமே?

அண்ணன்: வரலாற்றுக்குத் தாள் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், அறிவியலுக்கு வழுவழு. விரலால தடவித்தான் இத்தனை நாளா அடுக்குறேன். இன்னிக்கும் அப்படித்தான், முதல்ல சரியாத்தான்டா வச்சேன். வச்சுட்டு நாலு எட்டு நடந்தேன்... கண்ணு தெரியாதவன் வச்சது எப்படிச் சரியா இருக்கும்னு திரும்பி வந்து, நானே மாத்தி வச்சுட்டேன்.