ஜாய்ஸின் கட்டுரைக்கு ஒரு கஷ்டம்

நல்ல ஏலக்காயைக் கையில் அள்ளினாலே எனக்குத் தெரிந்துவிடும், சார். நல்ல கட்டுரையை அப்படிக் கண்டுபிடிக்கத் தெரியாது. அதனால்தான் மகள் ஜாய்ஸை அழைத்துக்கொண்டு போடியிலிருந்து தேனிக்குப் போய், வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் பிரின்ஸைப் பார்த்தேன்.

நர்சிங் படிக்க உதவித்தொகை கேட்டு, தன் லட்சியத்தையும் திறமைகளையும் பற்றி அவள் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எங்கள் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்துப் பழகிய பொறுமை, நோயாளிகளிடம் பேசப் பிடிக்கும் என்பது, இப்படி. பிரின்ஸ் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. மனசத் தொடுற மாதிரி ஒண்ணும் இல்லையே."

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் சபையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை எழுந்து நின்று சாட்சியாகச் சொல்வார்கள். வியாபாரம் நன்றாக நடக்கிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நான் சொன்னால் ஜனங்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிள்ளை சாகக் கிடந்து பிழைத்தது என்று ஒருவர் எழுந்தால் சபையே அழும். ஜாய்ஸுக்குச் சொல்ல அப்படி எதுவும் இல்லை. கஷ்டம் தெரியாமல் வளர்த்தது நான்தான்.

என் மனைவி ஜெபஷீலாவுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போடுவதால் பல வருஷமாக வரவில்லை. ஒரு தடவை வந்தால் போதும், ஜாய்ஸ் கூட இருந்து பார்ப்பாள், அதை எழுதுவாள் என்று நினைத்தேன். டப்பாவில் இருந்த வலிப்பு மாத்திரையை எடுத்துவிட்டு, அதே மாதிரி இருந்த சத்து மாத்திரையைப் போட்டு வைத்தேன்.

"என்னங்க, இது இனிக்குதே?"

"கம்பெனிக்காரக மாத்திட்டாக" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. நான் சொன்னால் நம்பிவிடுவாள். 

ஜாய்ஸ் வீட்டில் இருக்கும்போது வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் டியூஷன் போயிருந்த நேரத்தில் வந்தது. ஜெபஷீலா குளியலறையில் தனியாக இருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் முகம் கவிழ்ந்து கிடந்தது. நான்தான் தூக்கினேன்.

அடக்கம் முடிந்ததும் கட்டுரைப் பேச்சை மெதுவாக எடுத்தேன்.

"எங்கம்மா செத்ததச் சொல்லி நான் உதவித்தொகை கேக்க மாட்டேம்ப்பா."

பழைய பக்கத்தையே அனுப்பினாள். உதவித்தொகை கிடைக்கவில்லை.

மாத்திரை டப்பாவை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்ததும் அவள்தான். அதில் எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அடுத்த வருஷமும் விண்ணப்பிக்கலாம் என்று பிரின்ஸ் சொல்லியிருக்கிறார். நான் சொன்னால் இனி கேட்க மாட்டாள். நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள், சார். அம்மாவைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை என்றால், என்னைப் பற்றி எழுதட்டும்.