வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்ட பக்கம்

இல்லப்பா, கேஸ் போடறதுக்குக் கூப்பிடல. பயந்துட்டியா? பயப்படு, நல்லதுதான். உக்காரு டுவைட். அந்தப் பெட்டி மேல இல்ல, அதெல்லாம் இன்னும் ஸ்கேன் பண்ணாத புஸ்தகம்.

பதினாறு வருஷம்டா! இந்த வூஸ்டர் குளிருல, இந்த பேஸ்மென்ட்ல உக்காந்து, பழைய கம்ப்யூட்டர் கம்பெனிங்க குப்பையில வீசின கையேடெல்லாம் பொறுக்கிட்டு வந்து, பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி, யார் வேணா எடுத்துக்கோங்கன்னு இணையத்துல போட்டேன். ஒருத்தன்கிட்ட விலை சொன்னதில்ல. நீ என்ன பண்ண? அதையே இறக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கு மேலயும் உன் கடைப் பேர முத்திரை குத்தி, டிஸ்க்ல போட்டு இருபத்தஞ்சு டாலர்னு வித்த. நோகாம நுங்கு திங்கறதுன்னா இதான்.

என்னது, சட்டப்படி தப்பில்லையா? சட்டம் கெடக்கு, வெக்கம்னு ஒண்ணு இருக்கில்ல? போன வருஷம் சர்வர் மாத்தணும்னு நன்கொடை கேட்டேன். ஒருத்தன் எழுதறான், அதான் உங்க டிஸ்க் வாங்கினேனே, இன்னும் என்னன்னு. என் டிஸ்க்காம்! இன்னொருத்தி, முத்திரை எழுத்த மறைக்குதுன்னு என்னப் பிடிச்சுத் திட்டறா. உனக்கு விழ வேண்டிய திட்டு அது.

காப்பி ஆறுது, குடி. விஷம்லாம் வெக்கல.

ஆனா ஒண்ணு. நான் எதப் போட்டாலும் மொத ஆளா எடுக்கறவன் நீதான். வெள்ளிக்கிழம ஆறு மணிக்கு ஏத்துவேன், ஆறு அஞ்சுக்கு இறக்கினவங்க லிஸ்ட்ல உன் பேரு வந்து நிக்கும். கழுகு! அதுக்குத்தான் கூப்பிட்டேன்.

மூணு வருஷம் முந்தி நீல அட்ட போட்ட ரிப்பேர் கையேடு ஒண்ணு போட்டேனே, ஞாபகம் இருக்கா? அத எழுதினது நோரீன். ஆமா, என் பொண்டாட்டிதான். எழுபத்தெட்டுல ஒரே கம்பெனி. அவ கையேடு எழுதுவா, நான் மிஷின் ரிப்பேர் பண்ணுவேன். கட்டிக்கிறியான்னு கேட்டதுக்கு, பதில் இதுல இருக்குன்னு அந்தப் புஸ்தகத்தக் கையில திணிச்சுட்டுப் போயிட்டா, திமிரு புடிச்சவ. இருநூறு பக்கம் புரட்ட வெச்சா.

அத ஸ்கேன் பண்றப்ப கவனிக்காம, அவ கையால பதில் எழுதின பக்கத்தயும் ஏத்திட்டேன். மறுநாளே ஒருத்தன் கேலி பண்ணி எழுதினான். எனக்குக் கூச்சம். அச்சுல விஷயம்னு ஒண்ணுமில்லாத பக்கம்தானேன்னு அன்னிக்கே அத எடுத்துட்டு ஃபைல மாத்திட்டேன். என் ஃபைலுக்கு நகல் வெச்சிருக்கற மத்த ஊர் சர்வர்லாம் ஞாயித்துக்கெழமதான் காப்பி எடுக்கும், அதனால எல்லாருகிட்டயும் மாத்தினதுதான் இருக்கு. காயிதமா? ஸ்கேன் பண்ண புஸ்தகத்தோட முதுக வெட்டிருவோம்ல, உதிரித் தாளெல்லாம் பழைய பேப்பர்ல போட்டாச்சு. நானே போட்டேன், முட்டாப் பய.

உன் டிஸ்க்கும் வாங்கிப் பாத்தேன். சிரிக்காத, காசு குடுத்துதான். அதுலயும் மாத்தினதுதான் இருக்கு. ஆனா நீ எதையும் தூக்கிப் போடற ஆளில்லையே. வெள்ளிக்கிழம எடுத்தது உங்கிட்ட எங்கயாவது கெடக்கும்.

பக்கம் இருநூத்திப் பன்னெண்டு. மேல அச்சுல, இந்தப் பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டதுன்னு இருக்கும். கீழ பென்சில்ல, பொய், கட்டிக்கிறேன், ஆனா உங்கம்மாவோட குடியிருக்க மாட்டேன்னு எழுதியிருப்பா.

நோரீனா? பிப்ரவரியில போயிட்டா.

தேடிப் பாரு டுவைட். உன் முத்திரையோட இருந்தாலும் சரி. படிச்சுக்குவேன்.