முப்பதாவது சிரிப்பு

எனக்கு இதுவரை பல்வலி வந்ததே இல்லை. காலையில் இரண்டு நிமிடம், படுக்கப் போகும் முன் இரண்டு நிமிடம் துலக்குவேன், அவ்வளவுதான். விசாரணைக் குழு என்று மூன்று பெரியவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். வளவளவென்று இழுக்காமல் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

பல் மருத்துவக் கல்லூரியில் பதினாறு வருடமாக ரூட் கேனல், அதாவது பல்லின் வேரைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, செய்கிறேன். முன்பு செய்து கெட்டுப்போன ரூட் கேனலைப் பிரித்து மறுபடி செய்வதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அப்படி மறுசிகிச்சை பெற்றவர்களின் சிரிப்பு முன்னைவிட அழகாகிறதா என்பதுதான் என் ஆய்வு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சிரிக்கச் சொல்லி வாயை மட்டும் படம் எடுப்போம். படத்துக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் கோடு. இடது முனையில் 'சகிக்கவில்லை', வலது முனையில் 'பிரமாதம்'. லிஃப்ட்காரர், நூலகர், கேன்டீன் அக்கா என்று பத்துப் பேர் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் பென்சிலால் கோடு கிழிப்பார்கள். நான் ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து சராசரி எடுப்பேன். முப்பது பேர் வேண்டும். இருபத்தொன்பது பேர் தேறிவிட்டார்கள். முப்பதாவது ஆள் முதல் படத்தோடு ஊரையே காலி செய்துகொண்டு போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மைத்துனன், மனைவியின் தம்பி, பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வந்தான். ஓட்டல் வரவேற்பில் வேலை. அடுத்த மாதம் அவனைத் தலைமை வரவேற்பாளராக்குவதாக இருந்தார்கள். அதற்குக் காரணமே அவன் சிரிப்புதான் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன், அவன் அக்காவை நான் கட்டுவதற்கும் முன்பே, சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவன் மேல் முன்பல் ஒன்றுக்கு ரூட் கேனல் ஆகியிருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் பார்த்ததில்லை. அடைப்பு வேர் நுனியில் கச்சிதமாக நின்றிருந்தது. யார் இந்தக் கெட்டிக்காரன் என்று கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு பழைய சிகிச்சை அட்டையை எடுத்துப் பார்த்தால், நான்தான்.

"ஏதாவது பிரச்சனையா அத்தான்?"

"சின்னதா ஒரு நிழல் தெரியுது. பிரிச்சுப் பாத்துடலாம்."

"எனக்கு வலியே இல்லையே."

"அதான் கவலையா இருக்கு."

முன்படத்துக்கு அவன் வாங்கியது தொண்ணூற்றொன்று. ஏற்கெனவே உச்சாணிக்கொம்பில் இருப்பவன் இன்னும் எங்கே ஏறுவான் என்று அவசரத்தில் யோசிக்காமல் விட்டது என் தவறுதான். பல்லைப் பிரித்து மறுபடி அடைத்தேன். பின்படத்துக்கு ஐம்பத்தெட்டு. பல்லை வெளியே காட்டினால் மறுபடி திறந்துவிடுவேனோ என்று மேலுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே சிரித்திருந்தான்.

"தொண்ணூத்தி மூணுன்னு எழுதிடலாமே சார், யாரு கேக்கப் போறாங்க?" என்றார் என் உதவியாளர். ஆய்வில் பொய்க் கணக்கு எழுதுவதா? மூன்று நாள் அந்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மனசாட்சியுள்ள ஒருவன் செய்யக்கூடியது ஒன்றுதான். பல்லை மறுபடி திறந்தேன்.

நாற்பத்தொன்று வந்தது. இன்னொரு முறை திறந்தேன். இருபத்தேழு.

என் மனைவி சமையலறை வாசலில் வழிமறித்தாள். "ஏங்க, அவன் பல்லை விட்டுடுங்க. வேலை உயர்வு வர்ற நேரம். சிரிக்கவே பயப்படறான்."

"அதுக்குத்தான் நானும் அவசரப்படறேன்" என்றேன். நிஜமாகவே அவனுக்காகத்தான் என்று நினைத்தேன்.

நான்காவது முறை திறந்தபோது வேர் விரிசல் விட்டுவிட்டது. பல்லைப் பிடுங்கித் தட்டில் வைத்தேன். மைத்துனன் அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகமெல்லாம் மலரச் சிரித்தான். கேமரா கையிலேயே இருந்தது.

"என்னப்பா, இவ்வளவு சந்தோஷம்?"

"இனிமே இதுல நீங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்லையே அத்தான்."

நடுவில் ஓட்டையோடு தொண்ணூற்று நான்கு. பத்துப் பேரும் வலது ஓரமாகவே கிழித்திருந்தார்கள். கேன்டீன் அக்கா கோட்டைத் தாண்டியே கிழித்திருந்தார். நான் இரண்டு முறை அளந்தேன். மறுசிகிச்சையால் சிரிப்பு மூன்று மில்லிமீட்டர் அழகாகிறது என்பது நிரூபணமாகிவிட்டது. ஓட்டலில் அவனை வரவேற்பிலிருந்து தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை, கால் வலிக்காது.

அந்த எக்ஸ்ரேயில் நிழல் இருந்ததா என்றுதானே கேட்டீர்கள்? இல்லை. நோயே இல்லாத பல்லை நான்கு முறை திறந்து, கடைசியில் பிடுங்கினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். புகார் கொடுத்தது என் மனைவி என்பதும் தெரியும். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை, கவலைதான். ஒரு மாதமாக அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. மேல் கடைவாய்ப் பல் ஒன்று உள்ளுக்குள் கெட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, நிதானமாகத் திறந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.