கருவறைன்னு பேர் வச்ச பொண்ணு

— பேச்ச மாத்தாத, மக்தஸ். யாரு அந்தப் பையன்? அத மட்டும் சொல்லு.

— பையனே இல்லப்பா. காலைலேருந்து இதையேதான் சொல்றேன்.

— பையன் இல்லாமத்தான் கோயில் உள்ள போகாம, கேட்டுத் தூண்ல நெத்திய வச்சுக்கிட்டு நின்னியா? யெஷி, உன் பொண்ணு என்ன சொல்றா கேட்டியா. பையனே இல்லயாம்.

— மொதல்ல நீங்க உக்காருங்க, மக்தஸப்பா. பூசை முடிஞ்சு வந்த காலோட சுத்திக்கிட்டே இருக்கீங்க. வீடெல்லாம் சேறு. கால நீட்டுங்க, ஷூவ நான் கழட்டறேன். நீங்க குனிஞ்சா இடுப்பு புடிச்சுக்கும்.

— ஷூவ விடு. டாக்ஸிக்குச் சொல்லியாச்சு. அக்கா ஊருக்கு, தெப்ரெ பிர்ஹானுக்கு, பஸ்ஸு மத்தியானம் கெளம்பிரும். அவ துணிய எடுத்து வச்சியா இல்லயா?

— வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கை ஓடல.

— அம்மா, வைக்காதம்மா. புதன்கிழமை எனக்குக் கணக்குப் பரீட்சை. அத்தை வீட்டுக்குப் போனா திரும்பி வர விடமாட்டாங்க. பக்கத்து வீட்டு செலமாவிட் அக்காவையும் இப்டித்தான், மனசு சரியாகட்டும், கொஞ்ச நாள் இருக்கட்டும்னு ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஸ்கூலும் போச்சு, இப்ப இடுப்புல ஒரு புள்ள.

— அவ கதை வேற.

— அவளையும் யாரும் எதுவும் கேக்கலப்பா. நேரா பஸ்ஸுதான்.

— நான் கேக்கறேன்ல? நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்? கேளு. ஒரு ஞாயித்துக்கெழமைன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். பொம்பளப் புள்ள, வீட்டுக்கு விலக்கான நாளு, வெளிய நிக்கும், சரி. நீ பெரிய நோன்பு ஆரம்பிச்சதுலேருந்து வெளியதான் நிக்கற. வாராவாரம். மாசம் பூராவா ஒருத்திக்கு விலக்கு? அடிஸ் அபாபால எந்தக் கோயிலுக்கு வேணா போய்க் கேளு, பொண்ணு இப்டி நின்னா என்ன அர்த்தம்னு. ஆம்பள தொட்டவதான் உள்ள போகாம நிப்பான்னு காப்பி விக்கிறவகூடச் சொல்லுவா.

— யார் உங்ககிட்ட சொன்னா?

— யாரும் சொல்ல வேணாம், கேட்டியா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். வெள்ளத் துணிய மொகம் மறைய இழுத்துவிட்டுக்கிட்டு, தூண முட்டிக்கிட்டு. என்ன பேரு வச்சோம் உனக்கு? மக்தஸ். கருவறை. கருவறைன்னு பேரு வச்சா, அது கேட்டுக்கு வெளிய நிக்குது.

— கண்ணு, அம்மாகிட்ட சொல்லு. அந்தப் பாட்டுக் குழுப் பையனா? சுராஃபேல்?

— சுராஃபேலா? அவன் பாடும்போதே மூக்க உறிஞ்சுவான்மா.

— பாத்தியா யெஷி, சிரிக்கறா.

— சிரிக்கலப்பா. அழுதா இன்னும் சந்தேகப்படுவீங்க, அதான்.

— மிக்கேல் சம்மனசு மேல சத்தியமாச் சொல்லுடி. எவனும் உன்னத் தொடல?

— மிக்கேல் மேல, மாதா மேல, உன் மேல. யாரும் தொடல.

— அப்ப ஏன்டி நின்ன?

— நோன்பு மொத ஞாயிறு உள்ள போகத்தான் போனேன். எல்லாரையும் மாதிரி செருப்பக் கழட்டிக் கைல புடிச்சிட்டேன். படில கால வச்சேன், ஜில்லுன்னு இருந்துச்சு. அதுக்கு மேல கால் வரல.

— கால் வரலன்னா? காலுக்கு என்ன கேடு?

— சொன்னா அம்மா கோச்சுக்குவா.

— நான் எதுக்குடி கோச்சுக்கப் போறேன்?

— அம்மாவும் வெளியதான்பா நிக்கறா.

— என்னது?

— பொம்பளைங்க வாசல் பக்கம், பின்னாடி சுவரோரமா, அந்தப் பெரிய யூகலிப்டஸ் மரம் இருக்குல்ல, அங்க. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து. என்னை மட்டும் உள்ள தள்ளிவிடுவா, போய் நன்மை அப்பம் வாங்கிட்டு வான்னு. நான் வாயத் துணியால பொத்திக்கிட்டு வெளிய வருவேன், அதே மரத்தடில நிப்பா. மழை பேஞ்சாலும் அங்கதான். நான் பெரியவளானப்புறம், மத்தப் புள்ளைங்களோட உள்ள நிக்கறேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா.

— யெஷி?

— அத ஏன்டி இப்ப இழுக்கற.

— யெஷி, நான் கேக்கறேன். இத்தனை வருஷமாவா?

— உங்களுக்கு எங்க தெரியப் போவுது. ஆம்பளைங்க வாசல் ஒரு பக்கம், எங்க வாசல் ஒரு பக்கம். கேட்டு வரைக்கும் சேந்து போறோம், முடிஞ்சதும் சேந்து வர்றோம்.

— நீ என்ன தப்பு பண்ண?

— பாத்தீங்களா. இப்டிக் கேப்பீங்கன்னுதான் சொல்லல.

— நானும் ஒருநாள் கேட்டேன்பா. ஏன்மா நீ உள்ள வர்றதே இல்லன்னு. எனக்குத் தகுதி இல்ல கண்ணுன்னா. அவ்ளோதான், வெங்காயம் உரிக்கப் போயிட்டா. நீங்களே சொல்லுங்க. விடியறதுக்கு முன்ன எந்திரிக்கறவ. நோன்பு நாள்ல மத்தியானம் தாண்டற வரைக்கும் தண்ணிகூடத் தொடாதவ. நமக்குக் கடலமாவுல ஷிரோ கிண்டும்போது உப்பு பாக்கறதுக்குக்கூட நாக்குல வைக்கமாட்டா, அதான் சில நாள் வாயில வைக்க முடியாது. இவளுக்கே தகுதி இல்லன்னா எனக்கு எங்கேருந்து வரும்? நான் பரீட்சைல பக்கத்துப் பேப்பரப் பாத்து எழுதிருக்கேன். உங்ககிட்டப் பொய் சொல்லிருக்கேன். நோன்புல, கூடப் படிக்கற பெத்லகேம் வீட்ல பால் டீ குடிச்சேன்.

— நோன்புல பால் டீயா?

— அதாம்பா. அம்மா நிக்கற எடத்தத் தாண்டி உள்ள போய் நான் எப்டி நிக்கறது?

— ஐயோ கண்ணு. நான் சொன்ன தகுதி வேற. அது உங்கத்தையால.

— என் அக்காவா? அவ எங்க இதுல வந்தா?

— நம்ம கல்யாணத்தன்னைக்கு எங்கம்மா காப்பி குடுத்தாங்க. உங்கக்கா கப்ப வாங்கி, எல்லாரும் பாக்கக் கீழ வச்சாங்க. பானை செய்யற வீட்டுக் கண்ணு, பட்டா வயிறு வெடிச்சிரும்னாங்க. எங்கம்மா அந்தக் காப்பிய எடுத்துட்டுப் போய் அடுப்படில அவங்களே குடிச்சாங்க. நான் பாத்தேன்.

— அவ வாயி அப்டி. அவளே மறந்திருப்பா.

— மறந்துட்டாங்க. எனக்கு மறக்கல. மனசுல ஒருத்தர் மேல கசப்ப வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட உள்ள போறது? ஒவ்வொரு நோன்புக்கும், இந்தத் தடவ மன்னிச்சுட்டு உள்ள போயிரலாம்னுதான் கெளம்புவேன். வாசல் கிட்ட வந்ததும் அந்தக் கப்பு ஞாபகம் வந்துரும். இப்ப அவங்க வீட்டுக்கே என் பொண்ணோட துணிய மடிச்சுக்கிட்டிருக்கேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?

— சொன்னா அக்காவோட சண்டைக்குப் போவீங்க. அப்புறம் நீங்களும் கசப்போட வெளிய வந்து நிப்பீங்க. எனக்கிருந்த ஒரே நிம்மதி நீங்க உள்ள இருக்கறதுதான். ஜிபூத்தி ரோட்ல, அந்த வெயில்ல லாரி ஓட்டிக்கிட்டே நோன்பு புடிக்கற மனுஷன். எங்களுக்கும் சேத்து முன்னாடி நின்னு வேண்டிப்பார்னு.

— அத விடு இப்ப.

— எதுக்கு விடணும்? ஊர்ல எத்தனை டிரைவரு—

— விடுன்னேன்ல.

— நானும் அப்டித்தான்மா நெனச்சேன். வீட்டுக்கு ஒருத்தர் உள்ள இருந்தாப் போதும், அப்பா இருக்காருன்னு.

— டாக்ஸி வந்துருச்சு போலருக்கு. ஹாரன் கேக்குது.

— அப்பா, ஒண்ணு கேக்கவா?

— கேளு.

— உள்ளேருந்து பாத்தா கேட்டுத் தூண் தெரியாதுப்பா. நாங்க உள்ள பாடிக்கிட்டு நிக்கறப்ப எத்தனையோ தடவ எட்டிப் பாத்திருக்கோம். நீங்க என்னை எப்டிப் பாத்தீங்க?

— நடுவுல ஒருதடவ வெளிய வந்தேன்.

— வாராவாரமா?

— இடுப்பு வலி. ரொம்ப நேரம் நிக்க முடியல, கேட்டியா. அவன் என்ன இந்த அடி அடிக்கறான் ஹாரன. போ மக்தஸ், இன்னைக்கு வேணாம்னு சொல்லிட்டு வா.

— அனுப்பலயா?

— புதன்கிழமை பரீட்சைன்னுல்ல சொன்ன. ஓடு. அப்புறம், யார் பேப்பரயும் பாக்காத.

— அம்மா, அந்தப் பையப் பிரி. நான் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்.

— மெதுவாப் போடி, சேறு வழுக்கும். மக்தஸப்பா, இப்பவாவது உக்காருங்க. கால இப்டி என் மடில வைங்க. ரெண்டு காலும்.

— நீயும் களைச்சுத்தான் இருக்க. விடு.

— மக்தஸப்பா.

— என்ன.

— உள்ள போறவங்க ஷூவக் கழட்டிட்டுத்தான போவாங்க?

— ஆமா.

— இது காலைல நான் போட்ட ரெட்டை முடிச்சு. இத அவுக்கவும் உங்களால குனிய முடியாது, திரும்பப் போடவும் முடியாது. போட்டது போட்டபடி இருக்கு.

— நீ உள்ள இருக்கன்னு நம்பித்தான யெஷி நான் வெளிய நின்னேன்.